விளக்கு பேழைக்கு வெளியே இருக்கட்டும்

அருங்காட்சியகங்களிலும் பல்கலைக்கழகக் காட்சிக்கூடங்களிலும் காட்சி வடிவமைப்பாளராகப் பணியாற்றுவது குறித்து வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு, அத்துறையில் பணிபுரியும் நம் பத்தியாளர் இம்மாதம் விடையளிக்கிறார். ஒரே பொருளில் வந்த கடிதங்கள் சேர்த்துச் சுருக்கப்பட்டுள்ளன.

உள் அலங்கார வடிவமைப்பில் மூன்றாம் ஆண்டு பயில்கிறேன். அருங்காட்சியகத்தில் காட்சி வடிவமைப்பாளர் என்றொரு பணி இருப்பதை அண்மையில்தான் அறிந்தேன். காப்பாட்சியர் செய்வதற்கும் இவர் செய்வதற்கும் என்ன வேறுபாடு? என் படிப்பு இதற்குப் பயன்படுமா?
— மாணவி, கோயம்புத்தூர்

எந்தப் பொருளை எதற்காகக் காட்டுகிறோம் என்பதைக் காப்பாட்சியர் முடிவு செய்கிறார். அதை எங்கே, எந்த உயரத்தில், எவ்வளவு வெளிச்சத்தில், எதற்கு முன்னும் எதற்குப் பின்னும் காட்டுவது என்பதை வடிவமைப்பாளர் முடிவு செய்கிறார். இவ்விருவருக்கும் நடுவே பொருளின் உடல்நிலையைக் கவனிக்கும் பேணுநர் ஒருவர் இருப்பார். அவர் வேண்டாம் என்று சொன்னால் மற்ற இருவரும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது இத்துறையின் எழுதாத சட்டம்.

நீங்கள் படிக்கும் துறையில் ஓர் அறையின் விளக்கு அந்த அறையில் வாழும் மனிதருக்காக எரிகிறது. இங்கே அதே விளக்கு, பார்க்க வந்தவருக்கும் பார்க்கப்படும் பொருளுக்கும் ஒரே நேரத்தில் பணி செய்ய வேண்டியிருக்கிறது; இருவருடைய தேவைகளும் பெரும்பாலும் எதிரெதிரானவை. அது போக, வீட்டில் குடியிருப்பவர் அறையைப் பழகிக்கொள்வார். அருங்காட்சியகத்துக்கு வருபவரோ நின்றுகொண்டும் நடந்துகொண்டும் கால் வலியுடனும் சில நிமிடங்களுக்குள் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள வேண்டியவராக இருக்கிறார்.

நீங்கள் கற்ற வரைபடம், மரவேலை, மின்னமைப்பு, மதிப்பீடு ஆகிய அனைத்தும் பயன்படும். பொருள்களின் அளவும் எடையும் அடங்கிய பட்டியலை வைத்துக்கொண்டு தரைப்படம் வரைவது, பேழைகளுக்கும் பீடங்களுக்கும் அவற்றைத் தாங்கும் கம்பிப் பிடிகளுக்கும் விவரப் படம் போடுவது, ஒப்பந்தப்புள்ளி ஆவணம் எழுதுவது, தச்சரும் மின்பணியாளரும் அச்சகத்தாரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்காமல் பார்த்துக்கொள்வது என்று நாள்கள் கழியும். பெரிய அருங்காட்சியகத்தில் இவற்றைப் பலர் பகிர்ந்துகொள்வார்கள். பல்கலைக்கழகக் காட்சிக்கூடத்தில் பெரும்பாலும் ஒருவரே செய்வார், திறப்புக்கு முந்தைய இரவு சுவருக்கு வண்ணம் பூசுவது உட்பட. நீங்கள் விட வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு: வெற்றுச் சுவரைக் கண்டால் எதையாவது வைத்து நிரப்புவது.

இந்தியாவில் இது புதிய துறையும் அன்று. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. நேரு மறைந்த மறு ஆண்டே, அவருடைய வாழ்வைப் பற்றிய காட்சியொன்றை அந்த இணையரும் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கி 1965இல் நியூயார்க்கில் திறந்தனர். ஒரு மனிதரின் வாழ்வை அறைகளின் வழியே நடந்து படிக்கச் செய்யும் முறையை நம் முதல் தலைமுறை வடிவமைப்பாளர்கள் அந்தப் பணியிலேயே பயின்றார்கள்.

என் மகள் இத்துறையில் படிக்க விரும்புகிறாள். எங்கே படிக்கலாம்? வேலை கிடைக்குமா?
— ஒரு தந்தை, கும்பகோணம்

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் இளநிலைப் பட்டத்திலேயே காட்சி வடிவமைப்பு தனிப் பிரிவாக உள்ளது. நுழைவுத் தேர்வு கடுமையானது. பொருள்களைப் பற்றியும் அருங்காட்சியக நிர்வாகத்தைப் பற்றியும் கற்க விரும்பினால், வடோதரா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகவியல் துறை 1952 முதல் இயங்கி வருகிறது. 1989இல் தேசிய அருங்காட்சியக நிறுவனம் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, இப்போது இந்தியப் பாரம்பரிய நிறுவனம் (Indian Institute of Heritage) எனப் பெயர் மாறியுள்ள நிறுவனத்திலும் முதுநிலைப் படிப்பு உண்டு. உங்கள் ஊரிலேயே அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே சிற்பமோ காட்சித் தொடர்பு வடிவமைப்போ முறையாகப் பயின்று பிறகு இத்துறைக்கு வருவதும் நல்ல வழியே. வார்ப்பையும் மண்ணையும் கையால் தொட்டவர் பொருளை வைக்கும் விதமே வேறாக இருக்கும்.

வேலையைப் பொறுத்தவரை ஒளிக்காமல் சொல்கிறேன். அரசு அருங்காட்சியகங்களில் காட்சி வடிவமைப்பாளர் என்ற பெயரில் நிரந்தரப் பணியிடங்கள் மிகக் குறைவு. பெரும்பகுதிப் பணி ஒப்பந்தப்புள்ளி மூலம் தனியார் வடிவமைப்பு நிறுவனங்களுக்குச் செல்கிறது; உங்கள் மகள் முதலில் அத்தகைய நிறுவனம் ஒன்றில்தான் சேர வேண்டியிருக்கும். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமம் தன் காட்சிப்பொருள்களைத் தன்னுடைய கூடங்களிலேயே வடிவமைத்துச் செய்வதால், அங்கே ஓரளவு வாய்ப்பு உண்டு. 2023இல் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டதற்குப் பின் தமிழ்நாட்டில் இத்தகைய பணிக்குப் பொது மக்களிடம் மதிப்புக் கூடியிருப்பதை நான் காண்கிறேன். ஆனால் மதிப்பு வேறு, மாதச் சம்பளம் வேறு என்பதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். அருங்காட்சியகங்களில் ஓலைச்சுவடிகளும் பழைய துணிகளும் ஓவியங்களும் உள்ள அறைகளை ஏன் இருட்டாக வைத்திருக்கிறீர்கள்? எழுபது வயதுக்காரன் குனிந்து நிமிர்ந்து படிக்க முடியாமல் திரும்பி வந்தேன். மின்சாரச் சிக்கனமா?
— வாசகர், திருவரங்கம்

உங்கள் கோபம் நியாயமானது, ஐயா. இருட்டுக்குக் காரணம் உண்டு. ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பியது வடிவமைப்பின் தோல்வி. இரண்டையும் விளக்குகிறேன்.

ஒளி படும்போது சாயம் வெளிறுகிறது, தாள் பழுக்கிறது, நூலிழை தன் வலுவை இழக்கிறது. இந்தச் சேதத்தை மருந்து எதனாலும் திருப்ப முடியாது. ஒளியின் அளவையும் அது படும் நேரத்தையும் பெருக்கி வரும் தொகைதான் கணக்கு. துணி, தாள், நீர்வண்ண ஓவியம், ஓலை போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் வரம்பு. எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு ஏறத்தாழ 200 லக்ஸ் வரை அனுமதிப்பார்கள். கல்லுக்கும் பெரும்பாலான உலோகங்களுக்கும் ஒளியால் கேடில்லை. நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று 50 லக்ஸில் ஒரு துணியை வைத்தால் ஓராண்டில் 1,20,000 லக்ஸ்-மணி சேரும். நடுப்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் இருக்கும். ஆகவே அந்தத் துணியை வெயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக விரித்து வைத்தால், ஓராண்டுக்கு அனுமதித்த ஒளி முழுவதும் அப்போதே தீர்ந்துவிடும். அறையின் வெளிச்சத்தை 500 லக்ஸுக்கு உயர்த்தினால் 300 நாளின் சேதம் 30 நாளில் வந்து நிற்கும். மஞ்சள் கிழங்கால் சாயமேற்றிய துணியை இந்தக் கணக்கிலும் நம்ப முடியாது. அது 50 லக்ஸிலேயே விரைந்து வெளிறும். அதே துணியில் உள்ள அவுரி நீலம் நெடுநாள் தாங்குவதால், நாளடைவில் பச்சை இலைகள் எல்லாம் நீல இலைகளாகிவிடும். ஏனெனில் பழைய சாயக்காரர்கள் பச்சையை நீலத்தின் மேல் மஞ்சள் ஏற்றித்தான் உண்டாக்கினார்கள். சுவடியைப் பொறுத்தவரை எழுத்துக்கு ஆபத்தில்லை, ஏனெனில் தடவிய விளக்குக் கரி வெளிறாது. ஓலைதான் உலர்ந்து நொறுங்கும்.

இது பொருளின் பக்கம். உங்கள் பக்கத்திலும் அறிவியல் இருக்கிறது. இருபது வயதில் விழித்திரைக்குச் சென்ற ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் செல்கிறது. இருபத்தைந்து வயது வடிவமைப்பாளர் தன் கண்ணால் பார்த்து, போதும் என்று விட்டுவிட்டுப் போன அறையில் நீங்கள் தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

வரம்பை மீறாமலே இதைப் பெருமளவு சரிசெய்ய முடியும். வெயிலில் இருந்து வந்தவரை நேரே 50 லக்ஸ் அறைக்குள் தள்ளாமல், வெளிச்சம் படிப்படியாகக் குறையும் இடைவழி ஒன்றின் வழியே நடத்தி வந்தால், அந்தச் சில நிமிடங்களுக்குள் கண் பழகிவிடும். அதன் பிறகு 50 லக்ஸ் இருட்டாகத் தோன்றாது. சுவடியின் மேல்தான் குறைந்த ஒளி விழ வேண்டுமே தவிர, அதைப் பற்றிய குறிப்பட்டையின் மேல் இன்னும் கூடுதலான ஒளி விழுவதில் தடையேதும் இல்லை. அட்டை பழைய பொருள் அல்லவே. அட்டையின் பின்புலம் வெளிறியதாகவும் எழுத்து கறுப்பாகவும் இருக்க வேண்டும். கண்ணாடியில் சாளரமோ எதிர்ப்பேழையின் விளக்கோ பிரதிபலித்தால் 50 லக்ஸ் இருந்தும் ஒன்றும் தெரியாது. விளக்கைச் செங்குத்துக்கோட்டில் இருந்து ஏறத்தாழ 30 பாகை சாய்த்து அமைப்பது அதற்காகத்தான். பார்வையாளர் அருகே வந்ததும் எரிந்து, விலகியதும் அணையும் விளக்குகளும் இப்போது விலை குறைந்துவிட்டன. எல்லாவற்றையும் விட நல்ல வழி, ஒரு சுவடியைச் சில மாதங்கள் காட்டிவிட்டு உள்ளே எடுத்து ஓய்வளித்து, அந்த இடத்தில் வேறொன்றை வைப்பது. இதற்கு மின்சாரமும் பணமும் வேண்டாம், ஆள் வேண்டும், அதுதான் கிடைப்பதில்லை.

அடுத்த முறை அத்தகைய அறையில் படிக்க முடியாவிட்டால் வருகைப் பதிவேட்டில், குறிப்பட்டைக்கு வெளிச்சம் போதவில்லை என்று எழுதுங்கள். அறை இருட்டு என்று மட்டும் எழுதினால் பேணுநர் கேட்கமாட்டார். அட்டை என்று எழுதினால் யாராலும் மறுக்க முடியாது.

எங்கள் கல்லூரி வரலாற்றுத் துறையில் பழைய நாணயங்கள், சங்கு வளையல்கள், பானை ஓடுகள், சில சுவடிக் கட்டுகள், ஒரு முதுமக்கள் தாழி ஆகியன அலமாரியில் உள்ளன. ஓர் அறையும் சிறு தொகையும் ஒதுக்கியிருக்கிறார்கள். காட்சிக்கூடமாக மாற்ற எங்கிருந்து தொடங்குவது?
— பேராசிரியர், விருதுநகர் மாவட்டம்

தச்சரை அழைப்பதற்கு முன் பதிவேட்டை எழுதுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், அளவு, எடை, எங்கிருந்து எப்போது யார் கொடுத்தார், நாற்புறமும் எடுத்த ஒளிப்படம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த பொருளும் 75 ஆண்டு கடந்த குறிப்பிடத்தக்க சுவடியும் தொல்பொருளாகும். அவற்றுள் சில வகைகளைப் பதிவு செய்ய வேண்டிய கடமையும் உண்டு என்பதால் தொல்லியல் துறையினரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இது முடியும் முன் போடும் வரைபடம் எதுவும் மாற்றி வரைய வேண்டியதாகத்தான் இருக்கும்.

அடுத்தது பேழை. நம் ஊர்க் கல்லூரிகளில் பிளைவுட் அல்லது மர இழையைப் பசையிட்டு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் பெட்டி செய்து, உள்ளே சிவப்பு வெல்வெட் ஒட்டி, மேலே குழல் விளக்கும் பொருத்தி, மூலையில் பாச்சை உருண்டை போட்டு மூடிவிடுவார்கள். இந்த நான்கில் ஒவ்வொன்றும் தீங்கு. பலகையும் அதன் பசையும் ஃபார்மிக், அசெட்டிக் அமில ஆவிகளை நெடுநாள் வெளியிடும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி ஈயத்தை வெள்ளைத் தூளாக அரித்துவிடும். உங்கள் நாணயங்களில் சாதவாகனரின் ஈயக் காசுகள் இருந்தால் அவைதான் முதலில் போகும். சங்கு வளையலும் அதே அமிலத்தால் மேலெல்லாம் உப்புப் பூத்துப் பொரிந்துவிடும். கம்பளித் துணியிலும் ரப்பரிலும் உள்ள கந்தகம் வெள்ளிக் காசைக் கறுக்கச் செய்யும். பாச்சை உருண்டையின் ஆவி பொருளின் மேலேயே மீண்டும் படிகமாகப் படியக்கூடும். அதனுடன் பழகும் மாணவர்களுக்கும் நல்லதன்று. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973இல் வெளியிட்ட சோதனை ஒன்று இன்றும் வழக்கில் உள்ளது. பேழைக்குப் பயன்படுத்த எண்ணும் பொருளின் துண்டையும், வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளையும், சில துளி நீரையும் ஒரு கண்ணாடிக் குடுவையில் அடைத்து 60 பாகை செல்சியஸில் 28 நாள் வைத்துத் தகடுகள் மாறுகின்றனவா என்று பார்ப்பது அது. உங்கள் வேதியியல் துறை நண்பர்களிடம் கேளுங்கள். மாணவர் செயல்திட்டமாகவே இதைச் செய்யலாம்.

பவுடர் பூச்சுப் பூசிய இரும்புச் சட்டமும் கண்ணாடியும் கொண்ட பேழையை உங்கள் ஊர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். அடியில் விரிக்கச் சாயமேற்றாத பருத்தித் துணியை இரண்டு மூன்று முறை அலசி உலர்த்திப் பயன்படுத்துங்கள். வண்ணம் பூசினால் சில வாரங்கள் திறந்து வைத்து ஆறவிட்ட பிறகே பொருளை உள்ளே வையுங்கள். திறப்பு விழாத் தேதியை அமைச்சரின் நாள்குறிப்பைப் பார்த்து நிர்ணயிக்கும் இடங்களில் இந்தச் சில வாரங்கள்தான் முதலில் வெட்டப்படும்.

விளக்கு பேழைக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே எரியும் விளக்கு பகலில் காற்றைச் சூடாக்கி உலர்த்துகிறது. இரவில் அணைந்ததும் குளிர்ந்து ஈரம் ஏறுகிறது. நாள்தோறும் இப்படி விரிந்து சுருங்கிய ஓலையும் மரமும் பிளக்கும். பழுதான விளக்கை மாற்ற வருபவர் பொருள் உள்ள பெட்டியைத் திறந்து கைவிட வேண்டியிருப்பதும் ஆபத்தே. வெளியே, கூரையில் ஒரு தண்டவாளம் அமைத்து எல்.இ.டி. விளக்குகளைத் தொங்கவிடுங்கள். சாளரத்தை மறைக்க முடியாவிட்டால் புறஊதாக் கதிரைத் தடுக்கும் படலத்தைக் கண்ணாடியில் ஒட்டுங்கள்.

தாழியை விளிம்பைப் பிடித்துத் தூக்கவோ விளிம்பில் தொங்கவிடவோ கூடாது. அடிப்பாகம் குவிந்திருப்பதால் அதன் வளைவுக்கேற்ற வளையம் ஒன்றைச் செய்து, இடையில் மென்மையான பாலிஎத்திலீன் நுரையை வைத்து நிறுத்துங்கள். எல்லாப் பொருளையும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டாம். பத்துச் சங்கு வளையல்களில் முழுமையானது ஒன்று, அறுத்த நிலையில் கழிவாக எறியப்பட்டது ஒன்று என்று இரண்டை வைத்தால் வளையல் எப்படி அறுக்கப்பட்டது என்பது ஒரு சொல்லும் எழுதாமலே விளங்கிவிடும். மீதி எட்டும் அலமாரியிலேயே பத்திரமாக இருக்கட்டும்.

சோழர் காலச் செப்புத் திருமேனிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இடுப்பளவு உயரத்தில் நகைக்கடை பொம்மை போல் வைத்திருப்பது மனத்தை உறுத்துகிறது. கோயில் போல அமைக்கக் கூடாதா?
— வாசகி, மயிலாடுதுறை

உறுத்தலின் காரணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள்: உயரம். உற்சவர் திருமேனி தோளில் சுமக்கப்பட்டு வீதியில் வந்தது. பீடத்தில் தண்டு நுழையும் துளைகளும் வளையங்களும் இருப்பதை இன்றும் காணலாம். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்காக, பட்டும் மாலையும் சாத்தி, அசையும் தீவட்டி ஒளியில் காண்பதற்காக வார்க்கப்பட்ட உருவத்தை நாம் ஆடையின்றி, அசையாத ஒளியில், பலவேளை மேலிருந்து கீழாகப் பார்க்கிறோம். நிற்கும் மனிதரின் பார்வைக்கோடு ஏறத்தாழ 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. திருமேனியின் முகம் அதற்குச் சற்று மேலே அமையும்படி பீடத்தை உயர்த்தினாலே பார்ப்பவர் உடல் தானாக வேறுவிதமாக நிற்கிறது. இதற்கு ஆகும் செலவு சில சென்டிமீட்டர் மேடை.

உயரத்தைக் கொண்டே பொருள் சொல்லலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு இத்தாலியின் வெரோனா நகரில், 1964இல் மீண்டும் திறக்கப்பட்ட காஸ்தெல்வெக்கியோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கார்லோ ஸ்கார்ப்பா என்ற கட்டடக் கலைஞர், கான்கிராந்தே என்ற பழைய ஆட்சியாளரின் குதிரைவீரச் சிலையை அறைக்குள் அடைக்காமல், கட்டடத்தின் இரு பகுதிகளுக்கு நடுவே உயரத்தில் ஒரு கான்கிரீட் தாங்கியின் மேல் நிறுத்தினார். கீழே முற்றத்தில் இருந்தும், மேலே பாலத்தில் இருந்தும், பக்கவாட்டில் அருகே வந்தும் பார்க்கலாம். மாளிகையின் போலி அலங்காரம் எதுவும் அங்கே இல்லை.

ஆகவே கோயில் போல அமைப்பதை நான் ஏற்கவில்லை. கண்ணாடியிழைத் தூண்களும் அட்டைக் கோபுரமும் வைத்தால் ஆயிரம் ஆண்டுப் பழைய வார்ப்பு நாடக மேடைப் பொருளாகச் சிறுத்துவிடுகிறது. பின்புறத்துக்கு இடம் விடுங்கள் என்பதே என் வேண்டுகோள். சடைமுடியும் தலைக்குப் பின்னுள்ள சிரச்சக்கரமும் முதுகின் வளைவும் சிற்பியின் முழு உழைப்பைப் பெற்றவை. சுவரோடு ஒட்டிய பேழை அவற்றை மறைத்துவிடுகிறது. தலைக்கு நேர்மேலே ஒரே விளக்கு இருந்தால் புருவத்தின் நிழல் கண்ணை விழுங்கிவிடும். முன்பக்கம் தாழ்வாக ஒரு மெல்லிய ஒளியும் சேர வேண்டும், இளஞ்சூடான நிறத்தில்.

கண்ணாடி மட்டும் இருந்தே தீர வேண்டும். இத்திருமேனிகளில் பல, மண்ணுக்குள் புதைந்திருந்து 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின்படி அருங்காட்சியகத்துக்கு வந்தவை. மண்ணின் குளோரைடு உப்பு உலோகத்துக்குள் தங்கியிருந்தால், ஈரப்பதம் ஏறியதும் வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து அரிக்கும். சென்னை போன்ற கடற்கரை நகரில் அது சிறிய ஆபத்தன்று. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் பரமசிவன் என்ற வேதியியலர் தொடங்கிய ஆய்வகம் இந்த நோயோடுதான் முதலில் மல்லுக்கட்டியது.

சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகக் காட்சிக்கூடத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். வரைபடம் முடிந்த பிறகும் காப்பாட்சியர் பொருள்களைச் சேர்த்துக்கொண்டே போகிறார். மூத்த பேராசிரியர் என்பதால் மறுத்துப் பேசத் தயக்கமாக உள்ளது. எப்படிச் சமாளிப்பது?
— வாசகர், சிங்கப்பூர்

வாயால் மறுக்க வேண்டாம். அறையை மறுக்கச் செய்யுங்கள். தரையில் ஒட்டுநாடாவால் ஒவ்வொரு பேழையின் அளவையும் குறித்து, அட்டைப் பெட்டிகளை உண்மையான உயரத்தில் அடுக்கி, பேராசிரியரை அழைத்துவந்து நடக்கச் சொல்லுங்கள். கூடவே நான்கு மாணவர்களையும் உள்ளே விடுங்கள். புதிதாகச் சேர்க்க விரும்பும் பொருளுக்கும் ஓர் அட்டைப் பெட்டியை அவர் கையிலேயே கொடுத்து, ஐயா, இதை எங்கே வைக்கலாம் என்று கேளுங்கள். பெரும்பாலோர் அந்தப் பெட்டியைத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

அதோடு, பொருள் பட்டியல் எந்தத் தேதிக்குப் பின் மாறாது என்பதை முதல் கூட்டத்திலேயே எழுத்தில் பெற்று, ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும் என்ற விதியையும் அதில் சேர்த்துவிடுங்கள். ஆனால் சில நேரங்களில் காப்பாட்சியர் சொல்வதே சரியாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கட்டடக் கலைஞர் லினா போ பார்டி 1968இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ கலை அருங்காட்சியகத்தில் சுவர்களையே நீக்கிவிட்டு, கான்கிரீட் கட்டையில் செருகிய கண்ணாடிப் பலகைகளில் ஓவியங்களை மாட்டினார்; குறிப்புகளை ஓவியத்தின் பின்புறம் வைத்தார். வடிவமைப்பாளர்கள் இன்றும் அதை வியக்கிறோம். நிர்வாகம் 1996இல் அவற்றை அகற்றி வழக்கமான சுவர்களுக்குத் திரும்பியது. 2015இல் மீண்டும் கொண்டுவந்தது. துணிச்சலான வடிவமைப்புக்கும் அன்றாடம் அதோடு வாழும் நிறுவனத்துக்கும் இடையிலான இழுபறி உங்கள் கூடத்தில் மட்டும் நடப்பதன்று.

தமிழ்க் குறிப்பட்டைகள் ஏன் படிக்கத் தூண்டுவதாக இல்லை?
— தமிழாசிரியை, திண்டுக்கல்

இரண்டு காரணங்கள். ஆங்கிலத்துக்கென்று அளந்த பலகையில் அதே இடத்துக்குள் தமிழையும் அடக்கப் பார்க்கிறார்கள். தமிழ் எழுத்து அகலம் கூடியது, மேலும் கீழும் கொம்பும் சுழியும் உடையது, அதனால் எழுத்தைச் சுருக்கி வரிகளை நெருக்கிவிடுகிறார்கள். கையெட்டும் தொலைவில் உள்ள அட்டைக்கு அச்செழுத்தின் அளவில் 20 புள்ளிக்கு (பாயிண்ட்) குறையாத எழுத்தும் தாராளமான வரியிடைவெளியும் வேண்டும்; சுவர்ப் பலகைக்கு அதைப் போல் இரு மடங்கு.

மற்றொன்று, அட்டையில் எழுதப்படுவது பதிவேட்டின் நகல். தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் நிற்கிறார். கால்களைக் குறுக்காக வைத்து, இல்லாத ஒன்றின் மேல் கையை ஊன்றிச் சாய்ந்திருக்கிறார். அருகிருந்த காளை இப்போது இல்லை. உலோகம், ஊர், நூற்றாண்டு என்ற மூன்று வரிகள் இதைச் சொல்லாது. கண் முதலில் எதைக் கண்டு திகைக்கிறதோ அதிலிருந்து தொடங்கி ஐம்பது அறுபது சொற்களுக்குள் முடிக்க வேண்டும். உங்களைப் போன்ற தமிழாசிரியர்களிடம் இந்த வேலையைக் கொடுத்தால் நன்றாக இருக்கும். காப்பாட்சியர் பிழை மட்டும் பார்த்தால் போதும்.

புதிய அருங்காட்சியகங்களில் தொடுதிரைகள் அதிகம் வைக்கலாமா?
— வாசகர், ஓசூர்

பழுதானால் யார் சரிசெய்வார், எந்த நிதியில், எத்தனை நாளில் என்ற மூன்று கேள்விக்கும் ஒப்பந்தத்தில் விடை இருந்தால் வைக்கலாம். இல்லையென்றால் கறுத்துக் கிடக்கும் திரையைக் காட்டிலும் நன்றாக எழுதிய ஓர் அட்டை மேல்.

சக்கர நாற்காலியில் வரும் என் தம்பிக்குப் பேழைகளின் அடிப்பலகைதான் தெரிகிறது. விதிகள் இல்லையா?
— வாசகி, நாகர்கோவில்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்துவிட்டது. பொது இடங்கள் அனைத்துக்கும் அது பொருந்தும். நடைவழி 90 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், திரும்பும் இடத்தில் 150 சென்டிமீட்டர் வட்டமும் இருக்க வேண்டும். மேசைப் பேழையின் அடியில் முழங்கால் நுழையும்படி 70 சென்டிமீட்டர் வெற்றிடம் விட்டால் நாற்காலியோடு அருகே வர முடியும். முன்பக்கம் தாழ்ந்து சாய்ந்த பேழை உங்கள் தம்பிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒருசேர உதவும். ஆனால் எல்லாப் பேழையையும் தாழ்த்திவிட முடியாது; திருமேனிகளைப் பற்றி மேலே சொன்னதற்கும் இதற்கும் முரண் இருப்பதை உணர்கிறேன். அங்கே பேழையை உயர்த்தாமல் பீடத்தை மட்டும் உயர்த்தி, கண்ணாடியைத் தரைக்கு அருகில் இருந்தே தொடங்கினால், அமர்ந்திருப்பவருக்கும் முழு உருவம் தெரியும்.

திறப்பு விழா முடிந்ததும் வடிவமைப்பாளருக்கு அங்கே வேலை உண்டா?
— கோயம்புத்தூர் மாணவியின் இரண்டாவது கேள்வி

உண்டு, ஆனால் அதற்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. ஒப்படைப்புக் கோப்பு ஒன்றை நீங்கள் தயாரித்துத் தர வேண்டும்: எந்தப் பேழையின் சாவி எது, எந்த விளக்கு எந்த நிறுவனத்தின் எந்த வகை, சுவர் வண்ணத்தின் குறியீட்டு எண் என்ன, பேழைக்குள் ஈரத்தை உறிஞ்ச வைத்துள்ள சிலிக்கா ஜெல் மணிகள் நிறம் மாறினால் எப்படி மாற்றுவது என்பவை அதில் இருக்கட்டும். இரவுக் காவலருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் புரியும் தமிழில் எழுதுங்கள், ஏனெனில் கண்ணாடியில் முதல் விரிசலைக் காணப்போவது அவர்கள்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாதாரணப் பார்வையாளராகச் சென்று ஓர் ஓரமாக நின்று, எந்தப் பேழையின் முன் மக்கள் நிற்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள், எந்தக் குறிப்பட்டையை ஒருவர் மற்றவருக்குப் படித்துக் காட்டுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். காவலர் சந்தேகப்பட்டு விசாரித்தால், அடையாள அட்டையைக் காட்டிவிட்டு அவரிடமும் கேளுங்கள். எந்த விளக்கு அடிக்கடி அணைகிறது என்பது அவருக்குத் தெரியும்.